வெளியே என்பதற்குச் சமன்பாடு இல்லை

இங்கே ஆய்வகத்தில் ஒரு சிட்டிகை குரோமேட், அந்த மஞ்சள் நச்சு உப்பு, எடுக்க இரண்டு ஜோடி கையுறை, கண்ணாடி, ஒரு கையெழுத்து. மிச்சத்தை டப்பாவில் மூடி வைத்தால் தனி வண்டி வந்து எடுத்துப்போகும். ஜெர்மனிக்கு வந்த புதிதில் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ராணிப்பேட்டையில் என் அண்ணன் சேகர் வீட்டு போர்வெல் தண்ணீர் மழை பெய்தால் அதே மஞ்சளில்தான் வரும். அதற்கு யாரும் கையுறை மாட்டியதில்லை.

என் வேலை கணினியில். குரோமியம் ஓர் உயிருள்ள செல்லுக்குள் நுழைந்தால் எதனோடு, எவ்வளவு வேகமாக வினைபுரியும் என்று சமன்பாடு எழுதுகிறேன். வினைகளை அம்புகளால் இணைத்தால் வலைபோல ஒரு படம் வரும், அதைத்தான் மாடல் என்கிறோம். கழிவுக்கும் ஓர் அம்பு உண்டு. அதன் முனையில் ஒன்றுமே இல்லை. பேராசிரியரிடம் கேட்டேன், "இது எங்கே போகிறது?"

"வெளியே."

"வெளியே என்றால்?"

எனக்கு இங்கிலீஷ் போதவில்லை என்று நினைத்துவிட்டார், பாவம். 'அவுட்சைட்' என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லி ஜன்னலைக் காட்டினார். அந்தப் பக்கம் அழகான புல்தரை. ஒரு சிட்டிகைக்கு வண்டி அனுப்பும் மகராசன்கள், படத்தில் மட்டும் கூசாமல் வெளியே கொட்டுகிறார்கள். எங்கள் ஊரில் குரோமியக் கழிவைக் கொட்டிவிட்டுப் போன கம்பெனிக்காரர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள், டாக்டர் பட்டம்தான் கிடைக்கவில்லை.

அந்த வாரம் அண்ணன் போன் செய்தான். "கேன் தண்ணி வண்டி சரியா வர்றதில்ல. கொழந்தைக்கு போர்த் தண்ணிய நல்லா காச்சி குடுத்தா போதுமா? உன் கம்ப்யூட்டர கேட்டு சொல்லு."

"காச்சினா தண்ணிதாண்ணா கம்மியாவும். உள்ள இருக்கறது ஜாஸ்திதான் ஆவும்."

"அப்ப இன்னாதான் குடுக்கறது?"

போனை வைத்தேன். ஆத்திரத்தில் மாடலில் அந்த 'வெளியே'யைத் துடைத்துவிட்டு ஒரு பெட்டி வரைந்தேன். ஒவ்வொரு மழைக்கும் அதில் குரோமியம் சேரும், போக வழி கிடையாது, செல் அதைத்தான் குடிக்க வேண்டும். ஓடவிட்டேன். செல்லைக் காத்த விட்டமின் சி தீர்ந்தது. நஞ்சின் கோடு எங்கேயும் நிற்காமல் ஏறியது.

"நிலைகொள்ளாத மாடலை எந்த இதழும் போடாது. பெட்டியை எடுத்துவிடு" என்றார் பேராசிரியர். எடுத்துவிட்டேன். காறித் துப்ப விரும்புகிறவர்கள் துப்பலாம், கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது.

அண்ணன் மறுபடி கேட்டான். "போர்த் தண்ணி வேணவே வேணாம்ணா" என்றேன்.

"அது எனக்கே தெரியும்மா. இத சொல்றதுக்கா அம்மாந்தூரம் போன?"

கணினியில் இப்போது இரண்டு கோப்புகள். ஒன்றில் செல் நிம்மதியாக இருக்கிறது, அந்தக் கட்டுரையில் என் பெயர் முதலில். இன்னொன்றுக்கு அண்ணன் மகள் யாழினியின் பெயரை வைத்திருக்கிறேன். அதை அழிக்கவும் முடியவில்லை, யாரிடமும் காட்டவும் முடியவில்லை. அது ஓடிக்கொண்டே இருக்கிறது.