வீட்டுக்காரர் பேரில் ஒரு ஜீப்பு

மகளிர் உரிமைத்தொகையின் முதல் ஆயிரம் ரூபாய் ஊரெங்கும் வந்து சேர்ந்த நாளில், ராக்கு பூப்பாறைக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பேறி அவளோடு மலைக்கு வேலைக்கு வருகிறவர்கள் பன்னிரண்டு பெண்கள். மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது ஒன்பது பேருடைய போனில் வங்கிச் செய்தி வந்திருந்தது. ராக்குவின் போனில் ஒன்றும் இல்லை.

நாலைந்து நாள் கழித்து அவளுக்கும் ஒரு செய்தி வந்தது. பக்கத்தில் இருந்த அருணாதான் வாங்கிப் படித்தாள்.

"யக்கா, ஒனக்குக் கெடையாதாம். ஒங்க வீட்ல நாலு சக்கர வண்டி இருக்காம்ல."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். "ஜீப்பு மொதலாளியம்மா, நாளையிலருந்து எங்களை ஒன் வண்டியில ஏத்திட்டுப் போத்தா" என்றாள் மொக்கம்மாள். ராக்குவும் சேர்ந்து சிரித்தாள். வாடகைக்கு இருக்கும் தகரக் கூரை வீடு, கல்லூரிக்குப் போகும் மகள் பானுப்பிரியாவுக்கு ஒரு பழைய சைக்கிள். அந்த வீட்டில் சக்கரம் என்று இருந்தது அந்த இரண்டுதான்.

ஆனால் ஜீப் இறங்கி வரும் வழியில் அவளுக்கு ஒன்று உறைத்தது. அவள் வீட்டுக்காரர் பாண்டித்துரை ஒரு காலத்தில் சொந்தமாக ஜீப் வைத்து ஓட்டியவர். இடுப்பு வலி வந்து, ஓட்ட முடியாமல் போய், அதை விற்றுப் பதினோரு வருடம் ஆகிறது. இப்போது ஓர் ஏலக்காய்க் கடையில் காவலாள். வீடு சேர்ந்ததும் அவரிடமே கேட்டாள்.

"ஏங்க, அன்னைக்கு வண்டிய வித்தீகள்ல, பேரை மாத்திக் குடுத்தீகளா?"

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்டி. மாத்திக்கிடுறேன்னு வண்டிய வாங்குன காசிராஜன் சொன்னாரு."

"மாத்துனாரான்னு கேட்டீகளா?"

பாண்டித்துரை தலையைச் சொறிந்தார். குரங்கணியில் காசிராஜனுக்குக் காப்பியும் ஏலமும் பதினைந்து ஏக்கர். "அவரு பெரிய மனுசன். அவர்ட்டப் போயி எப்பிடிக் கேக்குறது?"

"நான் கேக்குறேன்" என்றாள் ராக்கு.

மறுநாள் அவள் மலைக்குப் போகவில்லை. இ-சேவை மையத்தில் இருந்த சிவரஞ்சனியிடம் வண்டி எண்ணைச் சொன்னாள். அந்தப் பெண் கணினியில் தட்டிப் பார்த்து, "ஒங்க வீட்டுக்காரர் பேர்லதான்க்கா இருக்கு" என்றாள்.

"வித்துட்டோம்னு எழுதிக் குடுத்தா ஆகாதா?"

"வாய்ச்சொல்லு நிக்காதுக்கா. பேரு மாறுன காயிதத்தைக் கொண்டாங்க, நான் மேல்முறையீடு போட்டு விடுறேன். செய்தி வந்ததுலருந்து முப்பது நாள்தான் கெடு."

ஜீப்பின் விவரத்தை ஒரு தாளில் அச்செடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் புருசனையும் கூட்டிக்கொண்டு குரங்கணி பஸ் ஏறினாள்.

ஜீப் காசிராஜன் வீட்டுக் களத்திலேயே நின்றது. பச்சையாக இருந்ததைச் சிவப்பாக்கியிருந்தார்கள். பின்னால் உரமூட்டைகள். பாண்டித்துரை போய் அதன் பானட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார். கேட்கவேண்டியதை ராக்குதான் கேட்டாள்.

காசிராஜன் மறைக்கவில்லை. "ஆமாத்தா, மாத்தல. மலைக்குள்ளயே ஓடுற வண்டிக்குப் பேரு எதுக்குன்னு விட்டுட்டேன். இப்ப மாத்தணும்னா பழுது பாக்கணும், இன்சூரன்சு போடணும், தேனி ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோயிக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். மாசம் ஆயிர ரூவாய்க்கா இம்புட்டு அலைச்சல்?"

"ஒங்களுக்கு அது ஆயிர ரூவாண்ணே. எனக்கு அது என் பேர்ல வர்ற காசு. இருவது வருசமா காய் எடுக்குறேன், என் பேர்ல இதுவரைக்கும் ஒண்ணும் வந்ததில்ல."

"சரி, பொறுமையாப் பாப்போம்."

ராக்கு தாளை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "இதுல பாருங்க. வண்டி எங்களதுன்னு அரசாங்கமே சொல்லுது. பேரை மாத்த முடியலைன்னா சாவியைக் குடுங்க. இவரு ஓட்டுவாரு, எறக்கிக் கொண்டுபோறோம்."

காசிராஜன் சத்தமாகச் சிரித்தார். ராக்கு சிரிக்கவில்லை.

"இந்த வண்டியில ஆளுக ஏத்துறீகள்லண்ணே? ஒரு வளைவுல உருண்டுச்சுன்னு வைங்க. போலீசு யார் வீட்டுக்கு வரும்? இன்சூரன்சு வேற இல்ல. நீங்க இங்க காப்பி குடிச்சிட்டு இருப்பீக. இவரு இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு கோர்ட்டுப் படி ஏறணும்."

களத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆட்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். காசிராஜன் கெட்ட மனிதர் இல்லை, சோம்பலில் விட்டவர். இப்படி ஒன்று இருப்பதையே அவர் யோசித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஒரு மாசம் டயம் குடு ஆத்தா."

"எனக்கே இருக்கது இருவத்திரெண்டு நாளு. வர்ற திங்கக்கெழம தேனியில இருங்க. கையெழுத்துக்கு இவரு வருவாரு. அன்னைக்கு இவருக்குச் சம்பளம் போகும், அதை நீங்க குடுத்துருங்க."

திரும்பும் பஸ்ஸில் பாண்டித்துரை, முந்தல் தாண்டியதும், "எனக்கு இப்பிடிப் பேச வராது" என்றார்.

"ஒங்களுக்கு ஓட்ட வரும், எனக்குப் பேச வரும். போதும்ல."

திங்கட்கிழமை காசிராஜன் வரவில்லை. போன் போட்டால், பிரேக் பிடிக்கவில்லை, மெக்கானிக் கிடைக்கவில்லை என்றார். புதன்கிழமை ராக்கு தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு தனியாகக் குரங்கணிக்குப் போனாள். களத்து ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னத்தா இது?"

"வண்டி ரெடியாகுற மட்டும் இங்கனதாண்ணே இருக்கப்போறேன். சோறு கொண்டாந்துட்டேன், ஒங்களுக்குச் செரமமில்ல."

மத்தியானம் தாண்டுவதற்குள் மெக்கானிக் கிடைத்துவிட்டார். அவருக்கு ஸ்பானர் எடுத்துக்கொடுத்ததே ராக்குதான். இன்சூரன்ஸ் போட ஆள் வந்தது அதற்கு மறுநாள்.

வண்டியைத் தேனிக்கு இறக்கவேண்டிய நாளில் காசிராஜனின் டிரைவர் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். பாண்டித்துரை யாரும் சொல்லாமலே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். முன்சீட்டில் காசிராஜன் உட்காரப்போக, "அண்ணே, நீங்க பின்னால ஏறுங்க, எனக்குப் பின்னால உக்காந்தா தலை சுத்தும்" என்று ராக்கு முந்திக்கொண்டாள். மலைக்குத் தினமும் பின்சீட்டில் பன்னிரண்டு பேரோடு நெருக்கியடித்துப் போகிறவள் அவள். பதினோரு வருடத்துக்குப் பிறகு புருசன் வண்டி ஓட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவர் கை தானாகத் திரும்பியது. தேனியில் இறங்கும்போது இடுப்பை நிமிர்த்த முடியாமல் சற்று நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு இரண்டு தடவை போகவேண்டியிருந்தது. கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது, வண்டி காசிராஜன் பேருக்கு மாறிவிட்டது. சிவரஞ்சனி மேல்முறையீட்டைப் பதிந்து, ரசீதை ராக்குவின் கையில் கொடுத்தாள். பிறகு ஒருநாள் விசாரணைக்கு ஓர் அலுவலர் வீட்டுக்கு வந்தார். வாசலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஜீப்பு எங்கம்மா?" என்று கேட்டார். "குரங்கணியில, அதுக்கு உரியவரு வீட்ல" என்று காகிதங்களை நீட்டினாள் ராக்கு. அவர் குறித்துக்கொண்டு போனார்.

அடுத்த கட்டப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. பணம் வந்த செய்தியைப் போடிமெட்டு ஏறும்போது அருணா ஜீப்புக்குள் உரக்கப் படித்தாள். மாலை இறங்கியதும் ராக்கு தன் கணக்கிலிருந்து தானே பணத்தை எடுத்தாள். பானுப்பிரியாவுக்கு ஒரு குடையும், பாண்டித்துரைக்கு இடுப்பில் கட்டும் பெல்ட்டும் வாங்கினாள். மிச்சம் இருந்ததில் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் போண்டா.

போண்டாவைத் தின்றுகொண்டே சிலமலை ஊர்க்காரி கருப்பம்மாள் தன் செய்தியை எடுத்துக் காட்டினாள். கரண்டு அதிகம் செலவாகிறது என்று அவளுக்கும் இல்லை என்றிருந்தது. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம். யாரிடம் போய் இதைச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டாள். அவளுக்குக் கெடுவும் தாண்டிப்போயிருந்தது.

"கெடு போனா என்ன, கலெக்டர் ஆபீசுல மனு குடுக்குற நாள் வாராவாரம் வருதுல்ல" என்றாள் ராக்கு. "மூணு வீட்டு ரேசன் கார்டையும் வாங்கி வையி. மீட்டரை ஒரு போட்டோ எடு. வீட்டுச் சொந்தக்காரன்ட்ட நான் வந்து பேசுறேன்."

"அவன் வள்ளுன்னு விழுவான்க்கா."

"விழட்டும். திங்கக்கெழம வெரசாக் கெளம்பி வா, பஸ்டாண்டுல நிக்குறேன்."