பிரெஞ்சில் பேசினால் பேச்சில் சேருமா?

ஒன்பது வயதிலேயே எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவில் தூது போகிற வேலை. மாமா என் அம்மாவின் தம்பி, அத்தை அவர் மனைவி. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லாததால் நான் பாதி நாள் அந்தப் பக்கத்தில்தான் இருப்பேன். அதனால் வேலை தேடி நான் எங்கும் போகவில்லை, வேலைதான் என்னைத் தேடி வந்தது.

சண்டைக்குக் காரணம் அத்தையின் அண்ணன். அவருக்குப் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டம். தன்னுடைய லோரியை ஓட்ட வரும்படி மாமாவை அழைத்தார். பொங்கல் அன்று, பானை பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், மச்சானுக்குக் கீழே கைகட்டி நிற்க நான் ஆளில்லை என்று மாமா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வரமாட்டேன் என்று சொன்னதுகூட அத்தைக்குப் பெரிதில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றுதான் அவளுக்கு ஆத்திரம். அன்றைக்கு வாயை மூடினவள் மாமாவிடம் திறக்கவில்லை. மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. இவள் பேசட்டும் என்று அவரும் இருந்துவிட்டார்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் எத்தனை நாள் தள்ளமுடியும்? அதற்குத்தான் நான். "சோறு ஆறுதுன்னு சொல்லு" என்பாள் அத்தை. மாமா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். இருந்தாலும் நான் போய் நின்று, சோறு ஆறுகிறதாம் என்று சொன்ன பிறகுதான் அவருக்குக் காது கேட்கும். அத்தை டின்னைத் திறந்து ஒரு பிஸ்கட் கொடுப்பாள். அந்த உத்தியோகத்தில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

மாமா அப்போது தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரியை விட்டுவிட்டு, சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகும் வேனுக்கு மாறியிருந்தார். பிரிஞ்சாங்கில் விடுதி வைத்திருந்த ஒருவர், ஜூலை மாதம் பிரெஞ்சுக்காரர்கள் நிறைய வருவார்கள், அவர்கள் பாஷையில் நாலு வார்த்தை பேசினால் அந்தச் சவாரியெல்லாம் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். மாமா அன்றைக்கே கைப்பேசியில் பாடத்தைத் தேடிப் பிடித்தார். இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்காக ஒரு பெண் இங்கிலீஷிலேயே பிரெஞ்சு சொல்லித்தருவாள். மாமாவின் இங்கிலீஷ் வேன் ஓட்டப் போதும், இலக்கணத்துக்குக் காணாது. புரியாத இடத்தில் என்னைப் பார்ப்பார். நானும் பள்ளியில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு தெரிந்ததைப் போலச் சொல்வேன்.

கைப்பேசியை அடுப்படித் தடுப்புப் பலகையில் சாய்த்து வைத்துவிடுவார். அங்கேதான் லைன் கிடைக்கிறது என்பது அவர் கணக்கு. சத்தத்தையும் நன்றாகக் கூட்டிவிடுவார். வீட்டுப்பாடம் எழுதவிடாமல் அந்தப் பெண் காதுக்குள் வந்து கத்துவாள். கைப்பேசியோடு வந்த இயர்போன் உறைகூடப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதை மாட்டிக்கொள்ளுங்களேன் என்று நான் பலமுறை கெஞ்சியிருக்கிறேன். "காது வலிக்கும் பாப்பா" என்று சொல்லிவிடுவார். இத்தனை வருஷம் லோரி ஓட்டிய காதுக்கு என்ன வலி வரப்போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பிரெஞ்சில் 'நீ', 'நீங்கள்' என்று இரண்டு உண்டு என்பதை விளக்க அந்தப் பெண் ஒரு பாடம் முழுக்க மூச்சு வாங்கினாள். இங்கிலீஷ்காரர்களுக்கு அது பெரிய கண்டம் போலிருக்கிறது. "இதுக்கா இவ்ளோ நேரம் லா?" என்று மாமா அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டார். அங்கே வந்து மாட்டிக்கொண்டார். பிரெஞ்சில் மேசை, நாற்காலிக்கெல்லாம் ஆண், பெண் என்று பேதம் உண்டாம். மேசை பெண்ணாம்.

"மேசை எப்படி பாப்பா பொம்பளயாவும்?" என்று என்னைக் கேட்டார். அடுப்படியிலிருந்து பதில் வந்தது, ஆனால் எனக்கு.

"எல்லாப் பாரத்தயும் சொமந்துகிட்டு வாயத் தொறக்காம நிக்கிதுல்ல, பொம்பளதான்னு சொல்லு."

நான் போய்ச் சொன்னேன். லோரி என்ன என்று பார்த்தால் ஆண். மாமா முகம் மலர்ந்தது. கேட்டியா என்பதுபோல் தடுப்பைப் பார்த்தார். "அதான் சொன்ன பேச்சு கேக்காம மேட்டுக்கு மேடு நின்னுபோவுதுன்னு சொல்லு" என்றாள் அத்தை. அதையும் சொல்லிவிட்டு இரண்டு பிஸ்கட் வாங்கிக்கொண்டேன்.

தெருவில் பேசுகிற பிரெஞ்சு என்று தனியாக ஒரு பாடம் வந்தது. ஆமாம் என்பதை 'வே' என்று இழுக்கவேண்டும். ஒன்று பிடித்ததா இல்லையா என்று சொல்ல மனமில்லாவிட்டால் உதட்டைப் பிதுக்கி 'போஃப்' என்றால் போதும். அந்தப் 'போஃப்' என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. பள்ளியில் கணக்கு டீச்சர் கேட்ட கேள்விக்கு அதையே பதிலாகச் சொல்லிப் பார்த்தேன். மிச்சப் பாடத்தை வகுப்புக்கு வெளியே நின்று கேட்டேன்.

வணக்கத்துக்குச் சொல்கிற போன்ஜூர் மட்டும் மாமாவுக்குச் சப்பென்று இருந்தது. "ஒரு மனுஷன பாத்தா சாப்டாச்சான்னு கேக்கணும். அத வுட்டுட்டு என்னா பேச்சு?" என்றார். சாப்பாட்டுப் பாடத்திலிருந்து வார்த்தைகளைப் பொறுக்கி 'வூஸாவே மாஞ்ஜே?' என்று மனப்பாடம் செய்துகொண்டார். நீங்கள் சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். ஏறுகிறவர்கள் எல்லாரையும் இனி இப்படித்தான் கேட்பேன் என்றார்.

இதற்குள் ஆடி நெருங்கிவிட்டது. ஆடிக்கு அண்ணன் வீட்டுக்குப் போகப்போவதாக அத்தை என்னிடம் சொல்லி அனுப்பினாள். புதுப்பெண்கள்தான் ஆடிக்குத் தாய்வீடு போவார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து என்ன புதுப்பெண்ணா என்று மாமா கேட்டனுப்பினார். "ஆமான்னு சொல்லு" என்று பதில் போனது. லயமே சிரித்தது. ஆனால் அத்தை தன் தையல் மெஷினைப் பழைய போர்வையில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியதைப் பார்த்ததும் அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள். சேலை எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வருவாள், மெஷினோடு போனால் வருவாளா என்று அப்பாவிடம் கேட்டாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. பிஸ்கட்டுக்காக இல்லை. அத்தை இல்லாத அந்த வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மாமாவிடம் ஓடிப்போய் மெஷினைக் கட்டிவிட்டாள் என்று சொன்னேன். அவர் கைப்பேசியின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் காலையில் அண்ணனின் லோரி வரப்போகிறது என்கிற சனிக்கிழமை மத்தியானம், மாமாவின் வேன் லயத்துக்குள் நுழைந்தது. உள்ளேயிருந்து நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். நடந்தது இதுதான். வேனில் ஏறியதும் மாமா, பிரெஞ்சில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டிருக்கிறார். நம் ஆட்களாக இருந்தால் சாப்பிடாவிட்டாலும் ஆச்சு என்பார்கள். அதோடு விஷயம் முடிந்துவிடும். இவர்கள் சிரித்துக்கொண்டே, இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கேட்டுவிட்டு, இல்லை என்றவர்களைப் பட்டினியாக மலை ஏற்ற மாமாவுக்கு மனசு வருமா? வண்டியை வீட்டுக்குத் திருப்பிவிட்டார்.

அத்தை ஒரு கணம் அவரை முறைத்தாள். அப்புறம் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். கோயிலில் திருநாளுக்குக் காப்புக் கட்டியிருந்ததால் மரக்கறிதான். ரசம், உருளைக்கிழங்குப் பிரட்டல், அண்ணன் தோட்டத்து முட்டைக்கோஸில் ஒரு பொரியல், அப்பளம். அந்த அம்மாள் முதல் வாய் வைத்ததும் கடகடவென்று என்னமோ பேசினார். பாடத்தில் பேசிய பெண் நிறுத்தி நிறுத்திப் பேசுவாள், இது மழைக்காலத்து ஓடை. மாமா ஒன்றும் விளங்காமல் பல்லைக் காட்டினார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அப்போது அடுப்படி வாசலிலிருந்து அத்தை பிரெஞ்சில் பதில் சொன்னாள்.

பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. மிளகு என்றாள், பூண்டு என்றாள், இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றாள். ஆனால் அந்த 'வே' இருக்கிறதே, அதைப் பாடத்துப் பெண்ணே தோற்றுப்போகும்படி இழுத்தாள். இத்தனை நாள் அந்தத் தடுப்புக்குப் பின்னால் சட்டி கழுவிக்கொண்டே எல்லாப் பாடத்தையும் பிடித்து வைத்திருக்கிறாள். மாமா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பரிமாறிக்கொண்டே அவர் பக்கத்தில் வந்தபோது மெதுவாகக் கேட்டார்.

"த்யு ஆ மாஞ்ஜே?"

நீ சாப்பிட்டாயா. நான் பக்கத்திலேயே இருக்க, என்னை விட்டுவிட்டு நேரே கேட்டுவிட்டார். அத்தை ரசக் கரண்டியோடு அப்படியே நின்றாள். விருந்தாளிகள் முன்னால் சண்டை தெரியக்கூடாது, பதில் சொல்லாமல் போகவும் முடியாது. தமிழில் சொன்னால் அவள் இறங்கி வந்ததாக ஆகிவிடும்.

"பாஸான்கோர்" என்றாள். இன்னும் இல்லை.

தங்களுக்கு மரியாதை செய்யத்தான் இருவரும் பிரெஞ்சில் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்து அந்த வெள்ளைக்காரத் தம்பதி கைதட்டினார்கள். மாமா நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். அத்தை தட்டு எடுத்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பொங்கலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர்கள் சேர்ந்து சாப்பிட்டதைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

மறுநாள் லோரி வந்தது. அத்தை ஒரு துணிப்பையோடு ஏறினாள். மெஷின் எங்கே என்று அண்ணன் கேட்டார். "அது கனம்ணே, கெடக்கட்டும். கோயில் திருநாளைக்கு வந்துருவேன்ல" என்றாள். மாமா வேனைத் துடைக்கிறவர்போல நின்றுகொண்டு, பிரெஞ்சில் என்று வருவாய் என்று கேட்டார். அத்தை பிரெஞ்சிலேயே வியாழக்கிழமை என்றாள். அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னா ஆச்சு இதுங்களுக்கு?" என்று என்னைக் கேட்டார். நான் உதட்டைப் பிதுக்கி, "போஃப்" என்றேன்.

சொன்னபடி வியாழக்கிழமை அத்தை வந்தாள். பிறகு அந்த வீட்டில் முதலில் பிரெஞ்சும், போகப்போகத் தமிழும் கலந்து ஓடின. சோறு ஆறுகிறது என்று சொல்ல ஆள் தேவைப்படவில்லை. பிரெஞ்சில் பேசினால் அது பேச்சில் சேராதே, அப்படியென்றால் அவர்கள் இன்னும் பேசவில்லைதானே, என் வேலை எப்படிப் போகும் என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாளே தவிர நியாயம் சொல்லவில்லை. அத்தை பிஸ்கட் மட்டும் நிறுத்தாமல் கொடுத்துவந்தாள்.

மாமா அதற்கப்புறம் பாடம் வைத்து நான் கேட்கவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து, அந்த இயர்போனை உறையோடு எடுத்துக் கையில் கொடுத்தார். "நீயே வச்சிக்க பாப்பா, எனக்கு இனிமே எதுக்கு?" என்றார். வேலை போனதற்குக் கொடுக்கிற சன்மானம் என்றுதான் நான் அதை வாங்கிக்கொண்டேன். ரொம்ப நாள் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். வலிக்கவே இல்லை. பிறகு ஏன் இவர் ஒருநாள்கூட மாட்டிக்கொள்ளாமல், அடுப்படி முழுக்கக் கேட்கும்படி பாடம் வைத்தார் என்று ஒரு தடவை யோசித்தேன், பதில் தெரியாமல் விட்டுவிட்டேன்.