டோபின் கட்சி

ஜேரக்குக்காக நான் இரண்டு முறை அழுதிருக்கிறேன். முதல் முறை, அவன் பதினெட்டாம் மாடியிலிருந்து படகில் குதித்துக் காலை உடைத்துக்கொண்டபோது. இரண்டாம் முறை, கால் சரியாகிவிட்டதே, இனிமேல் மெரில் அவனுக்குக் கஞ்சி ஊட்டமாட்டாளே என்று. எனக்கு அப்போது பதினோரு வயது. ஜேரக் புத்தகத்தில் மட்டும் இருக்கிறவன் என்பது தெரியும். தெரிந்து என்ன செய்வது?

கதை இதுதான். கடல் ஏறி ஊரை விழுங்கிவிட்டது. மிச்சம் இருப்பவர்கள் உயரமான கோபுரங்களின் மேல்மாடிகளில் வாழ்கிறார்கள். ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகப் படகு. குடிதண்ணீர் அளந்துதான் கிடைக்கும். பதினேழு வயதானால், யார் யாரோடு குடும்பம் நடத்தவேண்டும் என்று சபையிலிருந்து சீட்டு வந்துவிடும். மறுத்தால் கீழ்மாடி, அதாவது தண்ணீருக்குள். ஆங்கிலத்தில் மூன்று தடித்த பாகங்கள் வந்து, நான்காவதுக்காக நாங்கள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தோம். இப்படியும் ஒரு கொடுமையான ஊர் இருக்குமா என்று நான் நடுங்கிக்கொண்டே சொன்னபோது, சித்தி துணி மடிப்பதை நிறுத்தாமல், சீட்டு அனுப்புவதற்கு முன்னால் ஜாதகம் பார்ப்பார்களா என்று கேட்டாள். கேலி செய்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. திருநெல்வேலியிலிருந்து வேலை கிடைத்து வந்து, இரண்டு வருஷமாக கொல்கத்தாவில், எங்களோடு டாக்குரியா வீட்டில் இருந்தாள். அலுவலகம் ஹவுராவில். காலையில் பஸ், அப்புறம் ஆற்றைக் கடக்கப் படகு, மாலையில் அதே படகு, அதே பஸ். அவளுக்கு ஊரில் ஒரு வரன் பார்த்து, பொருத்தமெல்லாம் சரியாக அமைந்து, மாசி மாதம் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அந்தச் செய்தியை எனக்கும் சொல்லியிருந்தார்கள். ஆனால் கதாநாயகி மெரில் யாரைத் தேர்ந்தெடுக்கப் போகிறாள் என்பது தெரியாத நிலையில் வீட்டில் வேறு விஷயங்களைப் பேசுவதே எனக்கு அநியாயமாகப் பட்டது.

மெரிலுக்கு இரண்டு பேர். ஒருவன் ஜேரக், கலகக்காரன், புருவத்தில் தழும்பு, எதையும் படியேறிப் போகாமல் குதித்தே கடப்பவன். இன்னொருவன் டோபின், மூன்றாவது கோபுரத்துத் தண்ணீர் அலுவலகத்தில் குமாஸ்தா. அளவு பார்ப்பான், எழுதிக்கொள்வான், தலையசைப்பான். கலகம் வெடித்த இரவில்கூட மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. அவன் வருகிற பக்கங்களை நான் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். எங்கள் கட்டடத்துப் பெண்கள் ஐந்து பேரும் ஜேரக் கட்சிதான். அதில் யாருக்கு உரிமை அதிகம் என்று மட்டும் சண்டை வரும்.

வீட்டிலும் யாரையும் விட்டுவைக்கவில்லை. அப்பா துறைமுக வேலை முடித்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஜேரக்கா டோபினா என்று கேட்பேன். பையன் சுறுசுறுப்பாக இருக்கிறான், ஜேரக்கே இருக்கட்டும் என்று ஓட்டுப் போட்டுவிட்டுக் காப்பி கேட்பார். அம்மா மட்டும் இரண்டு பேரையும் ஒத்துக்கொள்ளவில்லை. இருவருக்குமே பெற்றவர்கள் இல்லை, யாரிடம் போய் விசாரிப்பது என்பது அவள் கவலை.

நான்காம் பாகம் தை மாதக் கடைசியில் வந்தது. ஐந்து பேரும் சேர்ந்து ஒரே ஒரு பிரதி வாங்கினோம். யார் முதலில் படிப்பது? ஆளுக்கு ஒரு வாரம் என்றால் கடைசி ஆளுக்கு ஒரு மாதம் ஆகிவிடும். அதற்குள் மெரில் யாரோடு போனாள் என்பதை மற்ற நான்கு பேரும் மாடிப்படியில் கத்திவிடுவார்கள். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று நான் சொன்னேன். மேல்மாடி மௌ என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். கொல்கத்தாவில் எதையும் அப்படித் தீர்ப்பதில்லை, பேசித்தான் தீர்க்கவேண்டும். சரஸ்வதி பூஜை அன்று, கீழே கார் நிறுத்தும் இடத்தில், எல்லோர் முன்னாலும் விவாதம் என்று முடிவாயிற்று. நடுவர், இரண்டாம் மாடி ஜெட்டு. ஜெட்டு என்றால் பெரியப்பா. அவர் எங்களில் யாருக்கும் பெரியப்பா இல்லை. ஆனால் கால்பந்து முதல் மீன் விலை வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் தீர்ப்பு.

எதிர்க்கட்சி இல்லாமல் விவாதம் கிடையாது என்று ஜெட்டு சொல்லிவிட்டார். யாராவது ஒருத்தி டோபினுக்காகப் பேசவேண்டும். ஜெயித்தால் புத்தகம் முதலில் அவளுக்கு, தோற்றால் கடைசியில். அந்த ஒருத்தி யார் என்பதற்கு மட்டும் சீட்டுப் போட்டார்கள். என் யோசனை எனக்கே வினையாக வந்து சேர்ந்தது.

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு சரஸ்வதி பூஜை. ஒன்று நம்முடையது, நவராத்திரியில். இன்னொன்று வங்காளிகளுடையது, குளிர் விடுகிற சமயத்தில். இரண்டிலும் புத்தகங்களைச் சாமியிடம் வைத்துவிட்டால் எடுக்கிறவரை தொடக்கூடாது. படிக்காமல் இருக்கச் சாமியே இரண்டு தடவை அனுமதி கொடுத்த பிள்ளைகள் நாங்கள். இந்த முறை பாடப் புத்தகங்களோடு நான்கு பாகங்களையும் அம்மன் காலடியில் வைப்பது என்று ஏற்பாடு. புதியதை யாரும் திருட்டுத்தனமாகப் புரட்டிவிடக் கூடாது என்பதுதான் உண்மையான காரணம்.

முதல் நாள் மாலை சித்தி அலுவலகத்திலிருந்து வந்ததும் பால்கனியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். படகில் படிக்கிறேன் என்று இரண்டாம் பாகத்தை அவள் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. பூஜைக்காக மௌ அப்போதுதான் வந்து அதை வாங்கிப் போயிருந்தாள். அந்த டோபினிடம் அப்படி என்னதான் இருக்கிறது, ஒருத்திக்கு அவனைப் பிடிக்க ஒரு காரணம் சொல்லு என்று கெஞ்சினேன். சித்தி தெருப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

“படகுல ஏறுற எடத்துல பலகை ஆடும்லா? அவன் கைய நீட்ட மாட்டான்ட்டி. பையத் தோள்லேர்ந்து எறக்கி, வாரு அவ பக்கமா இருக்குத மாதிரி வச்சுக்கிட்டு நிப்பான். வேணும்னா பிடிச்சுக்கலாம், வேண்டாம்னா விட்டுரலாம்.”

எனக்கு அந்தப் பக்கம் நினைவில்லை. நினைவிருக்க நியாயமில்லை, நான்தான் டோபினைத் தள்ளிவிட்டுப் படித்தவள் ஆயிற்றே. வேறென்ன என்றேன். அவளுக்கு நேரமானால் ஒரு படகைப் போகவிட்டு அடுத்ததுக்கு நிற்பான், கேட்டால் கூட்டமாக இருந்தது என்பான். ஒரு நாள் அவள் அழுதுகொண்டு வந்தபோது ஏன் என்று கேட்கவில்லை. மற்றவர்கள் பார்க்காதபடி அந்தப் பக்கமாக வந்து நின்றுகொண்டான். சித்தி சொல்லச் சொல்ல, படித்தால் இப்படியல்லவா படிக்கவேண்டும் என்று எனக்கு அவள்மேல் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. அம்மா சாப்பிடக் கூப்பிடும் வரை அவள் நிறுத்தவில்லை.

மறுநாள் மஞ்சள் புடவை கட்டி, அஞ்சலி செலுத்தி, கிச்சடி சாப்பிட்டு முடித்ததும் விவாதம் தொடங்கியது. புடவை வேறு காலைத் தடுக்கியது. நான்கு பேர் ஜேரக்குக்காகப் பேசினார்கள். மௌ பேசி முடித்தபோது மாடிப்படி வரை கைதட்டல். அவள் கடைசியாக என் பக்கம் கையை நீட்டி, கலக இரவில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு சகாகூட இல்லை, இந்தப் பாவப்பட்ட பெண்ணைத் தவிர என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். வங்காளியில் ஆரம்பித்தேன். குதிக்கிறவனுக்கு நாம் கைதட்டலாம். ஆனால் தினமும் படகேறிப் போய்வருகிறவளுக்குக் குதிக்கிறவன் எதற்கு என்று கேட்டேன். அப்புறம் பையின் வாரைச் சொன்னேன். சொல்லும்போதே சிரிப்பு நின்றுவிட்டது. படகைப் போகவிட்டதைச் சொன்னேன். அழுகிறவளை மறைத்துக்கொண்டு நின்றதைச் சொன்னபோது முன்வரிசையில் இரண்டு காக்கிமாக்கள், என் தோழிகளின் அம்மாக்கள், ஆஹா என்றார்கள். அந்த ஆஹா என் உடம்பில் இறங்கியதை இன்றும் என்னால் சொல்ல முடியும். அதற்குப் பிறகு புடவையைப் பிடித்துக்கொள்ளவே மறந்துவிட்டேன்.

மௌ குதித்து எழுந்தாள். இது எந்தப் பாகம், எந்தப் பக்கம், நான் படித்ததே இல்லையே என்றாள். இரண்டாம் பாகம், எடுத்துப் பார் என்றேன். எல்லோரும் அம்மன் காலடியைப் பார்த்தார்கள். சாமந்திப் பூவுக்கு அடியில் நான்கு பாகங்களும் கிடந்தன. மௌ ஒரு அடி எடுத்து வைத்தாள். அவளுடைய அம்மா பின்னாலிருந்து ஒரு சத்தம் போட்டாள்; வருகிற மாதம் கணக்குப் பரீட்சை, இன்றைக்குப் போய்ப் புத்தகத்தைத் தொடுவாயா? ஜெட்டு கையை உயர்த்தினார். இன்று யாரும் புத்தகத்தைத் தொடக்கூடாது. மனசில் நிற்பதைத்தான் பேசவேண்டும். யாருடைய டோபின் மனசில் நின்றானோ அவளுக்கே புத்தகம் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஜெயித்துவிட்டேன்! காக்கிமாக்கள் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். வங்காளியில், வங்காளிகளை, அவர்களுடைய விவாதத்தில் ஜெயித்த மதராஸிப் பெண் என்று ஜெட்டு ஊரெல்லாம் கேட்கச் சொன்னார். அப்பா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா காய்கறி வாங்குகிற அளவு வங்காளிதான் தெரிந்தவள். ஒன்றும் புரியாமலேயே பூரித்துப் போயிருந்தாள். சித்தி கடைசி வரிசையில் முகம் சிவந்து, கண் கலங்கி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூபப் புகை அவளுக்கு எப்போதும் ஒத்துக்கொள்ளாது.

அடுத்த நாள் காலை புத்தகங்களை எடுத்தார்கள். நான்காம் பாகம் என் கையில். ஆனாலும் முதலில் இரண்டாம் பாகத்தைத்தான் திறந்தேன். மௌவின் முகத்துக்கு நேராக அந்தப் பக்கத்தை நீட்டவேண்டும் அல்லவா? தேடினேன். முழுவதும் தேடினேன். டோபின் அந்தப் பாகத்தில் மொத்தம் நான்கு வாக்கியம் பேசுகிறான், அதில் மூன்று தண்ணீர்மானியைப் பற்றியது. பை இல்லை. வார் இல்லை. ஒரு படகுகூட அவனுக்காக நிற்கவில்லை.

புத்தகத்தைப் படாரென்று மூடினேன். சரஸ்வதி முன்னால், அத்தனை பேர் முன்னால் பொய் சொல்லியிருக்கிறேன்! சித்தியிடம் ஓடிப்போய் எந்தப் பக்கம் என்று சண்டை போட்டேன். வேறு எதிலோ படித்திருப்பேன், குழம்பிவிட்டது என்றாள். புத்தகத்தை ஒழுங்காகப் படிக்காதவள் ஏன் சொன்னாய் என்று கத்தினேன். என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லவேளை, மௌ தேடவில்லை. டோபின் வருகிற பக்கங்களை மறுபடி படிக்கும் பொறுமை அவளுக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளறையில் நான்காம் பாகத்தில் மூழ்கியிருந்தேன். கூடத்தில் ஊரிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் அடுத்த வாரம் டிக்கெட் எடுக்கிறார்கள் என்று அப்பா சொல்வது கேட்டது. அப்புறம் சித்தியின் குரல், வழக்கத்தைவிட மெதுவாக.

“அவங்கள வர வேண்டாம்னு சொல்லிருங்க அத்தான். நான் ஒண்ணு சொல்லணும்.”

அப்புறம் அவள் சொன்னதைக் கேட்டு நான் தலையைத் தூக்கினேன். பையின் வார். போகவிட்ட படகு. அழும்போது வந்து மறைத்து நின்றது. என் பேச்சு! வரிசைகூட மாறவில்லை! ஜெயித்த பேச்சை அப்படியே திருடி அப்பாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். போதாததற்கு அவன் இவன் என்று சொல்லாமல் அவரு அவரு என்கிறாள். டோபினுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை? அப்பா ஜேரக் கட்சி என்பதால் தாஜா செய்து இழுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்தில் அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கடைசியில் அப்பா தொண்டையைச் செருமினார்.

“பையனுக்கு எந்த ஊரு? என்ன வேலை?”

அப்பாவுக்கு இதுகூடவா தெரியாது? நான் அறையிலிருந்து கத்தினேன்.

“மூணாவது கோபுரம்ப்பா! தண்ணி ஆபீஸ்ல கிளார்க்கு!”

முதலில் சிரித்தது அம்மா. அழுகைக்கு நடுவில் வந்த சிரிப்பு, புரையேறிவிட்டது. பிறகு அப்பா. சித்தி சிரித்தாளா அழுதாளா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. அப்பா எழுந்து வந்து என் அறைக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அவன் நல்லவனா, நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு பெரிய மனுஷியிடம் கேட்பது போலக் கேட்டார். ரொம்ப நல்லவன், சும்மா குதிக்கமாட்டான், கூடவே நிற்பான், சத்தியம் என்றேன். அப்படியா என்று தலையை ஆட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார். சித்தி ஏதோ ஒரு ஊர்ப்பெயர் சொன்னாள். அம்மா, அவங்க அம்மா அப்பா இருக்காங்களா என்று கேட்டாள். அதற்குள் நான் மறுபடி புத்தகத்துக்குள் போய்விட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் மௌவிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். என் பேச்சின் மகிமை அப்படி, எங்கள் அப்பாவே ஜேரக்கை விட்டுவிட்டு டோபின் பக்கம் வந்துவிட்டார்; அம்மாவும் வந்துவிடுவாள், என்ன, இன்னும் இரண்டு நாள் பிடிக்கும்.