கிறேஸ் சித்தியின் ரெண்டு கதவுக் கார்

கிறேஸ் சித்தி வண்டி ஓட்ட லைசன் எடுத்தது 2000ஆம் ஆண்டில். எங்கள் றப்பர் தோட்டத்து லய வீடுகளில் லைசன் எடுத்த முதல் பெண் அவர்தான். அதற்குப் பிறகு நாலு வருடம் அந்த லைசன் ஒரு பிஸ்கட் டின்னுக்குள், பிறப்புப் பத்திரங்களுக்கும் ஞானஸ்நானத் துண்டுகளுக்கும் நடுவில் கிடந்தது.

நான் அவருடைய அக்கா மகள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் இருக்க முடியாமல், அந்த வருடம் சித்தி போன இடமெல்லாம் நானும் போனேன். அதனால் இதையெல்லாம் கூட இருந்து பார்த்தேன்.

சித்திக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. றப்பர் பால் வெட்டப் போகும் தாய்மார் விடியற்காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். முப்பது பிள்ளைகள். ஒன்று தூங்கினால் இன்னொன்று எழும்பும். வீட்டுக்கு வந்தால் வாசலில் ஜெறோம் சித்தப்பாவின் டொல்பின் வேன். ஸ்கூல் நாட்களில் அது ருவான்வெல்லைக்குப் பிள்ளைகளை ஏற்றும். மற்ற நாட்களில் கல்யாணம், சாவு, கரவனெல்லை ஆஸ்பத்திரி. ஒரு சீட் காலியாக அந்த வேன் ரோட்டில் இறங்கி நான் பார்த்ததில்லை. சித்தப்பா டயருக்குக் காற்றடிக்கப் புறப்பட்டாலும் ஐந்து பேர் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். தோட்டத்தில் ஒருவரிடம் வேன் இருந்தால் பாதி அவருடையது, பாதி எல்லாருடையது.

சித்தி ஓட்டப் பழகியதும் அந்த வேனில்தான். பழக்கியதும் சித்தப்பாதான். ஆனால் லைசன் கைக்கு வந்த பிறகு அவர் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை.

"ஆள் ஏத்துற வண்டி கிறேஸு. நீ ஓட்டுறேன்னு தெரிஞ்சா புள்ளைகளப் பெத்தவங்க பயப்படுவாங்க" என்பார். கெட்ட மனதோடு சொன்னதில்லை. அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது.

2004இல் சித்திக்குச் சீட்டு விழுந்தது. அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு சித்தப்பாவிடம் சொன்னார்.

"எனக்கு ஒரு சின்ன காரு வேணும். பழசு போதும். நான் ஓட்டுறதுக்கு."

"அதான் வேன் இருக்கே."

"அது ஒங்க வேன்."

"சரி, காருல எங்க போகப் போற?"

"எங்கயும் இல்ல. ஓட்டணும், அவ்வளவுதான்."

சித்தப்பா அதை ரெண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தவர் மாதிரி வந்தார். "வாங்குறதுன்னா நாலு கதவுக் காரா வாங்குவோம். கல்யாண ஹயருக்கு விடலாம். மாசத்துல ரெண்டு கல்யாணம் வந்தாலும் போதும்."

"அப்படின்னா ரெண்டு கதவுதான் வேணும்" என்றார் சித்தி.

"ரெண்டு கதவுல மாப்பிள்ளைய எப்படி ஏத்துறது? மடிச்சுப் போடுறதா?"

"அதுக்குத்தான் ரெண்டு கதவு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. யாரும் கேட்க முடியாத காரைச் சித்தி தேடிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு வேன் இருந்தது, கல்யாணத்துக்கும் வேன் இருந்தது. அவருக்கு வேண்டியது வேறு.

ருவான்வெல்லையில் கராஜ் வைத்திருக்கும் நிலாம் நானாவைக் கூட்டிக்கொண்டு சில கார்கள் பார்த்தோம். அவிசாவளையில் வெள்ளை நிற நாலு கதவுக் கார் ஒன்று. சுத்தமாக இருந்தது. சித்தி அதை ஓட்டிவிட்டு இறங்கி, "நல்லாத்தான் இருக்கு. வேனக் குட்டையா வெட்டுன மாதிரி" என்றார். சித்தப்பாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஒரு பழைய மொறிஸ் மைனர் பார்த்தோம். அதில் சித்தியின் கால் கிளச்சுக்கு எட்டவில்லை. பின்னால் தலையணை வைக்கலாம் என்றார் உரிமையாளர். "தலகாணி வச்சா தூக்கம் வந்திரும்" என்றார் சித்தி.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சிங்களப் பேப்பரில் சின்ன விளம்பரம் ஒன்றை நான்தான் பார்த்தேன். மினி கார், ஒரே உரிமையாளர், கரவனெல்லை. சித்தி அதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது தோட்டத்துச் சின்ன துரையிடம் ஒரு மினி இருந்ததாம். ஸ்டோர் பக்கத்து வளைவில் அது வேகம் குறையாமல் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு திரும்புவதைப் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் அங்கே போய் நிற்பார்களாம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கார் பார்க்கப் புறப்பட்டோம். வேனில் போனோம். வேனில் போனால் என்ன நடக்கும் என்று முன்பே சொல்லிவிட்டேன். சித்தி, சித்தப்பா, நான், நிலாம் நானா, அடுத்த லயத்து வெள்ளையம்மா அக்கா, அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர். மொத்தம் பதினொரு பேர். வெள்ளையம்மா அக்கா இல்லாமல் எங்கள் தோட்டத்தில் ஒரு சம்பந்தமும் பேசியதில்லை. முப்பது கல்யாணத்துக்கு மேல் முடித்து வைத்தவர். காருக்கும் தான் வர வேண்டும் என்று அவரே முடிவெடுத்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறியிருந்தார்.

கார்ச் சொந்தக்காரர் குசுமலதா டீச்சர். ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை, தனியாக இருந்தார். இருபத்தாறு வருடம் அந்த மினியில்தான் ஸ்கூலுக்குப் போய் வந்திருக்கிறார். கண்ணில் படலம் விழுந்ததால் டொக்டர் ஓட்ட வேண்டாம் என்றுவிட்டார். பதினொரு பேர் இறங்குவதைப் பார்த்து ஒரு நிமிடம் திகைத்தாலும், கதிரை எடுத்துப் போட்டு எல்லாரையும் உட்கார வைத்தார். கார் ஒரு துணியால் மூடி ஓரமாக நின்றது. சிவப்பு நிறத்தில் கொஞ்சம் மட்டும் துணிக்குக் கீழே தெரிந்தது. சித்தி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் உள்ளே போய்ப் பெரிய தட்டில் தேநீரும் கொக்கிஸ் பலகாரமும் வாழைப்பழமும் கொண்டுவந்தார். சித்தி கையை நீட்டினார்.

"கிறேஸு, கை நனைக்காத" என்றார் வெள்ளையம்மா அக்கா தாழ்ந்த குரலில். "இன்னும் ஒண்ணும் முடிவாகல."

எங்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. பெண் பார்க்கப் போனால், சம்மதம் என்று சொல்லும்வரை அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டோம். குடித்துவிட்டால் சரி என்று சொன்னது போல. குடித்துவிட்டு வேண்டாம் என்று எழும்பி வருவதுதான் அந்த வீட்டை அவமானப்படுத்துவது. கார் பார்க்கப் போகும்போதும் அப்படியா என்று யாரும் யோசிக்கவில்லை. சித்தி கையை எடுத்தார். ஒவ்வொருவராக எல்லாரும் எடுத்தார்கள். சித்தப்பா சிரித்துக்கொண்டே சிங்களத்தில், "வேண்டாம் மிஸ், இப்பதான் குடிச்சோம்" என்றார். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் இப்போதுதான் குடித்திருந்தோம்.

டீச்சர் தட்டை மேசையில் வைத்தார். பிறகு, "கார விக்கிறத இன்னும் சரியா முடிவு பண்ணல. பிறகு சொல்லியனுப்புறேன்" என்றார். சாவியை வெளியே எடுக்கவே இல்லை. துணியும் விலகவில்லை.

வரும் வழியில் வேனுக்குள் சத்தம்.

"நீங்க எல்லாம் காரு பாக்கவா போன, பொண்ணு பாக்கவா போன?" என்றார் நிலாம் நானா.

"நீயும்தான் குடிக்கல நானா" என்றார் சித்தப்பா.

"எல்லாரும் கைய எடுத்த. நான் மட்டும் எப்பிடி குடிக்கிற?"

வெள்ளையம்மா அக்கா அசையவில்லை. "வாங்காமப் போனா அந்த அம்மா ஊத்துன தேத்தண்ணியக் குடிச்சிட்டு எந்த மூஞ்சோட எழும்பி வர்றது? நான் சொன்னது சரிதான்."

சித்தப்பா கண்ணாடியில் சித்தியைப் பார்த்தார். "விடு கிறேஸு. அவிசாவளைக் காருக்குப் புதன்கிழம அட்வான்ஸ் குடுத்துருவோம். அந்தாளு அதுக்கு மேல நிறுத்தி வைக்க மாட்டாரு."

சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நாலு கதவு வந்தால் அது இன்னொரு வேன்தான் என்பது அவருக்குத் தெரியும். ஒரு மாதத்தில் கல்யாணப் பூ கட்டிக்கொண்டு சித்தப்பாவே அதை ஓட்டுவார். லைசன் டின்னுக்குள்ளேயே இருக்கும்.

செவ்வாய்க்கிழமை சித்தி அரைநாள் லீவு போட்டார். என்னிடம் மட்டும் சொன்னார். பஸ்ஸில் போனோம். டீச்சர் கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றபடியே பார்த்தார்.

"மிஸ், நான் தேத்தண்ணி குடிக்க வந்தேன்" என்றார் சித்தி சிங்களத்தில்.

டீச்சர் கேட்டுக்குக் கிட்டே வந்தார். "அன்னைக்குப் பதினொரு கோப்பையும் வாழ மரத்தடியில ஊத்தினேன். என் வீட்டுக் கோப்பை ஒங்களுக்கு ஆகாதுன்னு நினைச்சேன்."

"ஐயோ இல்ல மிஸ்." சித்தி கேட்டுக்கு வெளியே நின்றே எங்கள் வழக்கத்தைச் சொன்னார். சம்மதத்துக்கு முன் குடித்தால் வாக்குக் கொடுத்த மாதிரி என்பதையும், வெள்ளையம்மா அக்காவின் முப்பது கல்யாணத்தையும், பட்டுப்புடவையையும் சொன்னார். சித்தி சிங்களம் நன்றாகப் பேசுவார். ஆனாலும் 'கை நனைப்பது' என்பதற்குச் சொல் கிடைக்காமல் கையால் காட்டினார்.

டீச்சரின் முகம் மெல்ல மாறியது. "எங்க பக்கம் குடிக்காட்டித்தான் கோவம். அப்ப என் கார நீங்க பொண்ணு பாக்கவா வந்தீங்க?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தார்.

உள்ளே தேநீர் வந்தது. சித்தி கோப்பையைக் கையில் எடுத்தார். "சித்தி, இன்னும் ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பாக்கலயே" என்றேன் தமிழில். என்ஜினைப் பார்த்துச் சொல்ல நிலாம் நானாவும் எங்களோடு வரவில்லை. குடித்துவிட்டால் சித்தியைப் பொறுத்தவரை பேச்சு முடிந்தது. வழக்கத்தை இப்போதுதான் டீச்சருக்கும் சொல்லியிருக்கிறார். அதனால் டீச்சருக்கும் அது தெரியும். அவரும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் ஜொய்சி" என்று சொல்லிவிட்டுச் சித்தி கடைசிச் சொட்டுவரை குடித்தார். ஒரு கொக்கிஸும் எடுத்துக் கடித்தார்.

பிறகுதான் துணியை இழுத்தோம். சிவப்பு வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. பற்றரி செத்துவிட்டது. டீச்சரும் நானும் பின்னால் தள்ள, கேட்டைத் தாண்டியுள்ள இறக்கத்தில் மூன்றாவது குலுக்கலில் ஸ்டார்ட் ஆனது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். இடதுபக்கச் சீட்டுக்குக் கீழே தகரம் மழைத்தண்ணீரில் அரித்து, என் உள்ளங்கை அளவு ஓட்டை. அதற்குள்ளே ரோடு ஓடிக்கொண்டிருந்தது.

"சித்தி, ரோடு தெரியுது."

"முன்னாலயும் தெரியுது" என்றார் அவர்.

ஆஸ்பத்திரிச் சந்தியைத் தாண்டி ஒரு வளைவு வந்தது. சித்தி பிரேக்கில் கால் வைக்கவில்லை. கார் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. சித்தி மறுபடி வந்து, அதே வளைவை இன்னும் ரெண்டு தடவை எடுத்தார்.

காரை டீச்சர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து, சித்தப்பாவிடம், "அந்த வீட்டுல கை நனைச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னார். சித்தப்பாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கோபம் இருந்தது. இரவுச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிடவில்லை. ஆனால் காலையில் அவிசாவளைக்கு அவரே போன் பண்ணி வேண்டாம் என்று சொன்னார். கொடுத்த வாக்கை மாற்றச் சொல்லும் ஆள் இல்லை அவர்.

புதன் பின்னேரம் நிலாம் நானா பற்றரியோடு டீச்சர் வீட்டுக்கு வந்து காருக்குக் கீழே படுத்துப் பார்த்தார். "என்ஜின் நல்லா ஈக்கிது தங்கச்சி. அடித்தட்டுத்தான் போச்சி. ஒரு தகரம் ஒட்டுவம்." இப்போதைக்கு ஒரு பலகைத் துண்டை ஓட்டைமேல் வைத்தார். டீச்சர் கையெழுத்துப் போட்டுச் சாவியைச் சித்தியின் கையில் கொடுத்தார். "மழையில விடாத" என்று மட்டும் சொன்னார்.

சித்தி ஓட்ட, சித்தப்பா பக்கத்துச் சீட்டில். பின்னால் நான், முழங்கால் தாடையில் முட்ட. ஓட்டப் பழக்கிய காலத்துக்குப் பிறகு, சித்தி ஓட்டும் வண்டியில் சித்தப்பா உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஒவ்வொரு பஸ் எதிரே வரும்போதும், அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. பலகை கிரீச்சிட்டது.

"காலை எடுங்க. ஓட்டை பெருசாகுது" என்றார் சித்தி.

சித்தப்பா ரெண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டார். அப்படியே கொஞ்ச தூரம் போனோம். தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கு வந்தது. சந்திக் கடையில் நின்ற ரெண்டு பேர் வேனுக்குக் கை காட்டும் பழக்கத்தில் கையைத் தூக்கினார்கள். பிறகு காருக்குள் எட்டிப் பார்த்து, இடமில்லை என்று தெரிந்து கையை இறக்கினார்கள். சித்தி திரும்பாமல் நேரே போனார்.

"கிறேஸு, வீட்டுக்குத் திரும்புற எடம் போயிருச்சு."

"தெரியும்ங்க."

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கே போகிறோம் என்று எனக்கும் தெரியாது என்றேன். அவர் தூக்கிய காலை இறக்காமல், ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டுக்கொண்டார். ருவான்வெல்லைக் கடைவீதியைத் தாண்டினோம். சித்தி கியரை மாற்றினார்.