ஐந்தாவது ஆளுக்காகப் பூட்டிய கார்

என் சித்தப்பா சட்டம் படித்து முடித்து, கறுப்புக் கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த வருஷம் அது. கோட்டு வருவதற்கு முன்பே அவர் வக்கீலாகிவிட்டார். பால்காரர் தாமதமாக வந்தால்கூட அதற்கு ஒரு செக்‌ஷன் சொல்லுவார். அவர் சொன்ன சட்டமெல்லாம் சரியானதுதான் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் அவருடைய முதல் வழக்கில் ஜெயித்தது என் அம்மா.

அப்பாவின் அக்காவுக்குக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பார்த்துவிட்டு வர, அப்பா தன் முதலாளியின் காரைக் கேட்டு வாங்கி வந்தார். விளக்கு வைப்பதற்குள் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்பது பேச்சு. அம்மா வரமாட்டேன் என்றாள். பஸ்ஸில் அந்த வழியாகப் போனால்கூட ஆஸ்பத்திரி வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அவள். நாத்தனாரைப் பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று அப்பா கெஞ்சித்தான் கூட்டிவந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. முன்னால் அப்பாவும் சித்தப்பாவும், பின்னால் ஆளுக்கொரு ஜன்னலாக அம்மாவும் நானும்.

ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு காலி மனையில் நிறையக் கார்கள் நின்றன. நாங்களும் நிறுத்தினோம். திரும்பி வந்தபோது வானம் இருட்டிக்கொண்டு நின்றது. மற்ற கார்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. எங்கள் காரின் முன் சக்கரத்தை மட்டும் ஒரு மஞ்சள் இரும்புப் பூட்டு கவ்வியிருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

சித்தப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு நாளுக்காகத்தானே அவர் ஐந்து வருஷம் படித்தார்!

“இது தனியார் எடம், சரி. வண்டிய எடுன்னு சொல்லலாம், போலீஸ்ல புகார் குடுக்கலாம். பூட்டு போட உங்களுக்கு சட்டத்துல அதிகாரமே கெடையாது.”

“அப்ப ஒடச்சிடலாமா?” என்றார் அப்பா.

“ஒடைக்கக் கூடாதுண்ணே. அப்புறம் நம்ம மேல கேசு வரும். ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணும். வண்டி யார் பேர்ல இருக்கோ அவரு வந்தா நல்லது.”

அப்பாவின் முகம் சுருங்கியது. முதலாளியின் காரைப் பூட்ட விட்டுவிட்டு, முதலாளியையே ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் மறுநாள் வேலை இருக்காது. சட்டப்படி கார் முதலாளியுடையது, பூட்டு மனைக்காரருடையது. நடுவில் நாங்கள் சட்டப்படி நின்றுகொண்டிருந்தோம்.

“சரி, எவ்ளோ வேணும்?” என்று சித்தப்பா இறங்கி வந்தார்.

“காசுல்லாம் வேணாம் சார்,” என்றார் வாட்ச்மேன், வருத்தப்பட்டவர் போல. “கொஞ்ச நாள் முன்னாடி ஒரு வண்டி ஒரு புள்ளைய இங்கயே மறந்து உட்டுட்டுப் போயிடுச்சி. அது அழுத அழுகை இன்னும் காதுல இருக்குது. அன்னிலருந்து, எறங்குனவங்க எல்லாரும் வந்தாதான் தெறப்பேன். அந்தப் பையன் வரட்டும்.”

“எந்தப் பையன்?”

“அஞ்சு பேரு எறங்குனீங்களே சார். பின்னாடி நடுவுல உக்காந்து வந்தானே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. என் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து வந்திருந்தால் எனக்குத் தெரியாதா? நான் சிரிக்க வாயெடுத்தேன். பெரியவர்கள் யாரும் சிரிக்காததைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

“பச்ச சட்ட போட்டிருந்தான். மேல் பட்டன் இல்ல,” என்றார் வாட்ச்மேன். “அந்தம்மா முந்தானையப் புடிச்சிக்கிட்டுதான் போனான்.”

அந்தச் சட்டையை எனக்குத் தெரியும். அம்மாவின் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும். பொம்மைக்குப் போட்டுப் பார்க்க எடுத்ததற்காக ஒரு தடவை முதுகில் வாங்கியிருக்கிறேன். அதில் மேல் பட்டன் இல்லைதான். பெட்டிக்குள் இருக்கும் சட்டை இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. மனையின் ஓரத்தில் முள்செடிகள் அசையவே இல்லை. அங்கே பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

சித்தப்பா வாயைத் திறந்தார். அதற்கு எந்த செக்‌ஷனும் வரவில்லை. அப்பா கார்ச்சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு அம்மாவைப் பார்க்காமல் நின்றார்.

அம்மா அவர் கையிலிருந்து சாவியை வாங்கிக் காரின் பின்கதவைத் திறந்தாள். முந்தானையை லேசாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ ஏறுவதற்கு வழிவிடுகிறவள் போலச் சற்று நேரம் நின்றாள். பிறகு திரும்பிச் சொன்னாள்.

“வந்துட்டான்ணே. ஏறிட்டான். தெறங்க.”

வாட்ச்மேன் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். தலையாட்டினார். மறு பேச்சில்லாமல் பூட்டைக் கழற்றினார்.

எனக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தான் என்பதையும், காய்ச்சலோடு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனவன் வீடு திரும்பவில்லை என்பதையும் நான் பத்தாவது படிக்கும்போதுதான் சொன்னார்கள். சித்தப்பா இன்று நல்ல வக்கீல். காரைப் பூட்டிவிட்டார்கள் என்று வருகிறவர்களுக்கு அதே சட்டத்தை அழகாக எடுத்துச் சொல்கிறார். இந்தக் கதையை மட்டும் அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று காரில் ஏறியதும் அம்மா என்னிடம், “கொஞ்சம் தள்ளி உக்காருடி, எடம் உடு,” என்றாள். அவள் பை மடியில்தான் இருந்தது. எதற்கு இடம் என்று முணுமுணுத்தபடி, வழியில் சாரம் பஸ் ஸ்டாப் வரும்வரை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. அப்பா நேரமாகிவிட்டதையும் மறந்து, பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டினார். அடிக்கடி கையை உயர்த்தி முன்னாலிருந்த கண்ணாடியைச் சரிசெய்து, அதிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஏதோ லாரி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.