கஸ்பரின் மாமியும் ஏரிக்கரைப் பலகையும்

கஸ்பர் மன்னார்க்காரர் என்றதும் ஆள் கடலிலேயே பிறந்தவர் என்று எல்லாரும் முடிவுகட்டிவிடுவார்கள். உண்மையில் அவருடைய அப்பா தபால் கந்தோரில் முத்திரை குத்தியவர். கஸ்பர் தூண்டிலைத் தொட்டதே லண்டனுக்கு வந்து, நாற்பது வயதும் கடந்த பிறகுதான். கண்ணாடிக் கம்பனி ஒன்றில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டுவது அவருடைய வேலை. ஒரு மில்லிமீற்றர் பிசகினால் யாரோ ஒருவருக்குத் தலையிடி வரும் என்பதால், எதையும் இரண்டு தரம் அளக்காமல் அவர் கை அசையாது. வாயும் அப்படித்தான், சும்மா திறக்காது.

மீன் பைத்தியத்தைத் தொற்றவைத்தவர் ரொறன்ரோவில் இருக்கும் மச்சான். அங்கே ஏரிகளில் மஸ்கி என்று ஒரு மீன். அதை மரத்தில் செய்த பொய் இரையால் தண்ணீரின் மேற்பரப்பிலேயே ஏமாற்றிப் பிடிக்கிற வீடியோ ஒன்றை மச்சான் அனுப்பினார். கஸ்பர் அதை நூறு தரமாவது பார்த்திருப்பார். இங்கிலாந்தில் மஸ்கி கிடையாது. ஆனால் அதன் தம்பி முறையான பைக் மீன் இருக்கிறது. வாத்தின் வாயும் முதலையின் பல்லும் வாய்த்த மீன். கஸ்பர் மரத்துண்டு வாங்கினார், செதுக்கினார், வால்பக்கம் தகட்டில் ஒரு சின்னக் காற்றாடி பூட்டினார். லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுக் குளியல் தொட்டிதான் சோதனைச்சாலை. பொய் இரை நேராக மிதக்கிறதா, இழுத்தால் வாத்துக்குஞ்சு தடுமாறுகிற மாதிரிச் சளசளக்கிறதா என்று அவர் முழங்காலில் நின்று பார்ப்பார். மனைவி றோஸ்மலர் துவாயோடு கதவடியில் காத்து நிற்பாள்.

இளவேனில்தான் அதற்குக் காலம். முட்டையிட்டு முடித்த பெரிய பெண் மீன்கள் சித்திரை, வைகாசியில் வெயிலுக்குச் சூடேறிய கரையோரத் தண்ணீரில் பசியோடு கிடக்கும். பொய் இரையை எறிந்து, மெல்ல இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். திடீரென்று தண்ணீர் வெடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பதறி இழுத்தால் மரத்துண்டு பறந்துவந்து முகத்தில் அடிக்கும். பாரம் கைக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். பொறுப்பதில் கஸ்பரை வெல்ல ஆள் இல்லை.

ஆறு இளவேனிலாக அவர் ஒரே மீனைத்தான் பிடித்து வந்தார். ஒன்பது கிலோ. இடப்பக்க மேல்தாடையின் ஓரத்து எலும்பு எப்போதோ பிய்ந்துபோய், காயம் வளைந்து மூடியிருந்தது. வருடத்தில் ஒரு தரம் வந்து, ஒரு முறை முறைத்துவிட்டுப் போவதால் றோஸ்மலர் அதற்கு மாமி என்று பெயர் வைத்திருந்தாள். கஸ்பர் தூண்டில் ஊசியைக் கழற்றுவார், ஒரு படம் எடுப்பார், வயிற்றைத் தாங்கித் தண்ணீருக்குள் பிடித்திருப்பார். மாமி வாலை ஒரு தரம் ஆட்டிவிட்டுப் போய்விடும். அந்தப் படங்கள் வரவேற்பறையில் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்குப் பக்கத்தில் தொங்கின.

ஏரி ஒரு கிளப்புக்குச் சொந்தமானது. அங்கத்தவராவதற்கு அவர் நான்கு வருடம் காத்திருந்தார். அந்தக் கிளப்பின் முதல் தமிழர் அவர்தான். வாசலில் ஒரு பலகை: பிடித்த மீனை ஏரியிலேயே விடவும், எடுத்துச் செல்லக் கூடாது. ஆங்கிலத்திலும், அதன் கீழே இன்னும் மூன்று மொழிகளிலும். கஸ்பர் சேர்ந்த அன்று செயலாளர், எழுபது வயது வெள்ளைக்காரர், தமிழிலும் ஒரு வரி எழுதித் தர முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். கஸ்பருக்குச் சுருக்கென்றது. எங்கள் ஆட்களுக்கு அது தேவைப்படாது, அதற்கு நான் பொறுப்பு என்றார். செயலாளர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. பலகையில் தமிழ் இல்லாதது கஸ்பருக்குப் பெரிய பெருமை. கரையில் நிற்கும்போதெல்லாம் ஒரு தரம் அந்தப் பக்கம் பார்த்துக்கொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் ஞானேஸ்வரன் வந்து சேர்ந்தார். ஜேர்மனியில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு விம்பிள்டனுக்குக் குடிவந்தவர், தரைக்கு டைல்ஸ் பதிக்கிற தொழில். கஸ்பர் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் மாற்ற வந்தவர், தொட்டியில் மிதந்த மரமீனைக் கண்டு சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கும் அதே பைத்தியம். அன்று டைல்ஸ் வேலை பாதியில் நின்றது. பிறகு இரண்டு வருடம் இருவரும் சட்டையும் பொத்தானுமாகத் திரிந்தார்கள். மனைவிமாரும், றோஸ்மலரும் சுசிலாவும், தினமும் போனில்.

கிளப்பில் புதியவர் சேர வேண்டுமானால் பழையவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கஸ்பர் பேனையை எடுத்துவிட்டு, வழக்கம்போல இரண்டாம் தரம் அளந்தார்.

"பிடிக்கிறதெல்லாம் தண்ணிக்குத்தான் திரும்பிப் போகோணும். இது என்ர கையெழுத்து, ஞானம்."

"உங்கட கையெழுத்துக்கு நான் பொறுப்பு அண்ணை," என்றார் ஞானேஸ்வரன். கஸ்பர் கையெழுத்தும் போட்டு, தன் கையால் செதுக்கிய பொய் இரை ஒன்றையும் கொடுத்தார். பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, அவர் செய்தவற்றிலேயே நல்லது. மாமி எந்த நாணல் புதருக்குப் பக்கத்தில் கிடக்கும் என்பதையும் சொன்னார். அதை அவர் பெற்ற பிள்ளைகளுக்குக்கூடச் சொன்னதில்லை.

இந்த வருடம் வைகாசி பிறந்தும் மாமியைக் காணவில்லை. இரண்டு சனிக்கிழமை வெறுங்கையோடு வந்தார். கிழடாகிச் செத்துப்போயிருக்கும் என்று றோஸ்மலர் சமாதானம் சொன்னாள். மூன்றாம் கிழமை, ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் ஞானேஸ்வரன் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய், பெரிய சட்டி நிறைய மீன் குழம்பு. என்ன மீன் என்று கஸ்பர் கேட்டார். சந்தையில் எடுத்த கடல் மீன் என்றார் ஞானேஸ்வரன். கஸ்பர் இரண்டு வாய் சாப்பிட்டார். ருசி நன்றாகவே இருந்தது. பின்னால் அவரை அதிகம் வதைத்தது அதுதான்.

மூத்தவருக்கு, வேண்டியவருக்குத் தலையை வைப்பது வழக்கம். சுசிலா நெடுக்காகப் பிளந்த தலையில் ஒரு பாதியை அகப்பையில் தூக்கி, மனம் நிறைந்து கஸ்பரின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். இடப்பக்கப் பாதி. வாத்து வாய். மேல்தாடை ஓரத்தில் எலும்பு இல்லை. காயம் வளைந்து மூடியிருந்தது.

கஸ்பர் கையை எடுத்துக்கொண்டார். தலையைப் பார்த்தார், பிறகு மறுபடி பார்த்தார். குசினி யன்னல் விளிம்பில், பாத்திரம் கழுவுகிற திரவப் போத்தலுக்குப் பக்கத்தில், பச்சை முதுகுப் பொய் இரை காய்ந்துகொண்டிருந்தது. அதன் வயிற்று மஞ்சளில் புதுப் பல்லடையாளம்.

"ஞானம், இது எந்தச் சந்தை?"

ஞானேஸ்வரன் சிரித்துப் பார்த்தார். சிரிப்பு எடுபடாமல் போகவே நிமிர்ந்து உட்கார்ந்தார். புதன்கிழமை காலையில் பிடித்தேன் என்றார். கஸ்பர் வேலைக்குப் போகிற நாள், கரையில் ஒருவரும் இல்லாத நேரம்.

"அண்ணை, ஜேர்மனியில மீனைப் பிடிச்சு விளையாடிப்போட்டுத் திருப்பி விட்டா அது குற்றம். நான் சோதினை எழுதி லைசென்ஸ் எடுத்தனான். தின்னுறதுக்கு எண்டால்தான் பிடிக்கலாம். நீங்கள் ஆறு வருசமா அதின்ர வாயில ஊசி குத்தினியள். நான் ஒரு நாளில முடிச்சு விட்டன். ஆர் பாவம் செய்தது?"

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லையென்று கஸ்பரால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. ஆனால் அவர் பாரம் கைக்கு வரும்வரை பொறுத்தார்.

"இதை நான் கையெழுத்துப் போட முதல் சொல்லியிருக்கலாம். என்ர கையெழுத்தையும் வாங்கி, என்ர இரையையும் வாங்கி, இடத்தையும் கேட்டு அறிஞ்சுபோட்டு, இப்ப எனக்கு நியாயம் சொல்லுறீர். கடல் மீன் எண்டு பொய்யும் சொல்லி எனக்கே தின்னத் தந்தனீர்."

சுசிலா அகப்பையோடு நின்றபடியே நின்றாள். கஸ்பர் கை கழுவிக்கொண்டு வெளியேறினார். றோஸ்மலர் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

ட்ராமில் ஆசனம் கிடைத்தது. ட்ராம் இரண்டு தரிப்பிடம் தாண்டியது. றோஸ்மலர் ஏன் இன்னும் ஆச்சரியப்படவில்லை என்று அப்போதுதான் கஸ்பருக்கு உறைத்தது. உனக்குத் தெரியுமா என்று கேட்டார். சுசிலா வியாழக்கிழமையே போனில் சொன்னாள் என்றாள். சொல்லியிருந்தால் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள், இரண்டு குடும்பமும் முறிந்துவிடும், மீன்தானே என்று விட்டுவிட்டேன் என்றாள்.

"மாமி எண்டும் தெரியுமோ?"

றோஸ்மலர் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். "ஓம்," என்றாள்.

முப்பது வருடத்தில் அவர் அவளோடு கோபித்ததுண்டு. அவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே தனியாளாகிப் போனது அன்றுதான். அந்தக் கிழமை வேலையில் ஒரு லென்ஸைப் பிழையாக வெட்டினார், இடதை வலதாக. மேலாளர் சுகமில்லையா என்று விசாரித்தார்.

செவ்வாய்க்கிழமை கிளப்புக்குப் போனார். மீனைக் கொண்டுபோனதை ஒருவரும் காணவில்லை, ஒருவரும் முறையிடவில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் அலுவல் முடிந்தது. ஆனால் பலகையைத் தாண்டிப் போக அவரால் ஏலவில்லை. செயலாளரிடம் நடந்ததைச் சொன்னார். கையெழுத்துப் போட்டவன் நான் என்று தன் அங்கத்தவர் அட்டையையும் மேசையில் வைத்தார். கிழவர் நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கஸ்பரின் அட்டையை அவரிடமே தள்ளிவிட்டு, ஞானேஸ்வரனின் பெயரை மட்டும் புத்தகத்தில் வெட்டினார்.

அன்று பின்னேரமே ஞானேஸ்வரனின் குரல்பதிவு வந்தது. "ஒரு மீனுக்காக என்னை வெள்ளைக்காரனிட்டக் காட்டிக்குடுத்திட்டியள் அண்ணை. உங்களை நான் கூடப்பிறந்தவர் மாதிரி நினைச்சனான்." கஸ்பர் அதை இரண்டு தரம் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்ற சொல் வாய்வரை வந்தது. பதில் அனுப்பவில்லை.

செயலாளர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது இன்னொன்றும் செய்திருந்தார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் எடுத்து, சத்தமில்லாமல் கஸ்பரின் பக்கம் நகர்த்தினார். முன்பு கேட்ட அந்த ஒரு வரி. கிழவரின் முகத்தில் குத்தல் ஒன்றும் இல்லை, சங்கடம்தான் இருந்தது. கஸ்பர் எழுதினார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டாம் தரம் வாசித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

ஆனி மாதம் புதுப் பலகை வந்தது. நான்கு மொழிகளுக்கும் கீழே, கஸ்பரின் கையெழுத்தைப் பார்த்து அப்படியே வரைந்த தமிழ்: பிடித்த மீனை ஏரியிலேயே விடவும். சனிக்கிழமைகளில் அவர் இப்போதும் போகிறார், பொய் இரையை எறிகிறார், இழுக்கிறார், நிறுத்துகிறார். உள்ளே போகும்போதும் வரும்போதும் அந்த வரியை வாசிக்காமல் அவரால் கடக்க முடிவதில்லை. அந்தக் கிளப்பில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான்.