பூமதி ஏறிய வண்டி

என் அப்பா ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில் டிரைவர். திருச்செங்கோட்டுப் பக்கம் பாதி வீடுகளில் அப்பாக்கள் வண்டியோடு வெளிமாநிலம் போய்விடுவார்கள், வருஷத்தில் முக்கால்வாசி நாள் போனில்தான் இருப்பார்கள். மழைக்காலத்தில் வண்டி சர்வீசுக்கு ஊர் திரும்பும். அப்போது எங்களுக்கும் அப்பா கிடைப்பார்.

அந்த வருஷம் அவர் வந்தபோது, பெரியப்பாவின் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்க சத்தீஸ்கரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்கள் மகள் பூல்மதிக்கு என் வயது. நாங்கள் அவளைப் பூமதி ஆக்கிவிட்டோம். அவளுக்குத் தமிழ் வராது. எங்கள் வீட்டில் அப்பாவைத் தவிர யாருக்கும் இந்தி வராது. அதனால் அவள் அவரையே ஒட்டிக்கொண்டு திரிந்தாள், அப்பாவும் வாய் ஓயாமல் பேசிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷம் பூராவும் ஏங்கிக் கிடந்தது நான், அப்பாவை அனுபவிப்பது அவளா?

"அப்படி என்னங்கப்பா பேசறீங்க?"

"அவிங்க ஊரப் பத்தித்தான் சாமி. அந்தப் பக்கந்தான இத்தன நாளா போர் போட்டோம். நம்ம மண்ணாட்டம் இல்ல கண்ணு, கறுகறுன்னு நெல்லு வெளையற மண்ணு."

அவ்வளவு நல்ல மண்ணை விட்டுவிட்டு எதற்கு இங்கே கோழி எரு நாற்றத்தில் வந்து கிடக்கிறார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மழை விட்டது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து வண்டி கிளம்பியது. நான் வழக்கம்போல் அழுதேன், அம்மா வழக்கம்போல் அடுப்படிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அதே ஹாரன் சத்தம் கேட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அப்பா வண்டியின் மேலிருந்து, குழாய்களுக்கு நடுவிலிருந்து, துணிப்பையோடு பூமதியைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். டீக்கு நிறுத்திய இடத்தில்தான் பார்த்தார்களாம்.

அவள் அம்மா ஓடிவந்து ஓர் அறை வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். பூமதி அழவில்லை. அப்பாவை நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டாள். அவர் அவள் தலையைத் தடவினார்.

"என்னங்கப்பா கேட்டா?"

"அவிங்க ஊருக்குப் போனா எனக்குச் சம்பாத்தியம் வருதாமா. அங்கயே பொறந்த அவிங்கப்பனுக்கு ஏன் வரலைன்னு கேக்குது சாமி."

எங்கள் ஊரில் உறவுக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து வண்டி எடுப்பார்கள், வங்கியும் நம்பிக் கடன் கொடுக்கும். அவள் ஊரில் போர் போட இடம் உண்டு, வண்டி கிடையாது, வாங்கப் பணம் தருவாரும் கிடையாது. அங்கே தண்ணீர் வந்தால் அதற்கான காசு இங்கே வந்துவிடும். இதெல்லாம் பிற்பாடு நான் தெரிந்துகொண்டது. அன்றைக்கு, போன அப்பா திரும்பி வந்து, இன்னொரு டம்ளர் காபி குடித்து, என்னை மடியில் வைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

வண்டி மறுபடி போனதும் பூமதியிடம் ஓடி, அவள் கையில் ஒரு முறுக்கை வைத்தேன். வண்டி போன திசையைக் காட்டி, "அடுத்த தடவையும் ஏறி உக்காந்துக்க, என்ன?" என்று சைகையோடு சொன்னேன். அவள் முகம் மலர்ந்து வேகமாகத் தலையாட்டினாள். நான் அவளை ஊருக்குப் போகச் சொல்கிறேன் என்று நம்பியிருப்பாள் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.